சப்ரின் வீட்டுக் கொடிநிழல்

சங்குக்கொடி ஜனாதிபதி பதவியை விட்டுப் போன மறுநாள் காலையில், அவருடைய கொடியின் நிழல் மட்டும் கொம்பனித்தெருவில் துவான் சப்ரினின் வீட்டின்மேல் விழுந்து கிடந்தது. கொடியை முதல்நாளே இறக்கி, மடித்து, மாளிகைக் கற்பூரமரப் பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று. பூட்டியவரே சப்ரின்தான், சாவியும் அவரிடம்தான் இருந்தது. ஆனாலும் வெயில் ஏறியதும் நிழல் வந்தது. கூரையையும் பின்முற்றத்தையும் போர்வையைப்போல மூடிக்கொண்டு, சொட்டுக் காற்றில்லாத அந்தக் காலையிலும் மெல்ல அலைந்தது. நடுவில் சங்கின் வடிவம் மட்டும் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் வெயில். எதிர்வீட்டுத் தகரத்தில் கண் கூசும் வெயில். சப்ரின் வீட்டில் மட்டும் அந்தி. வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆப்பக்கடை மிசிலின் அக்கா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்து, மேலே ஒன்றுமே இல்லை என்பதை நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு, "துவான், வேலையை வீட்டுக்குக் கொண்டு வரப்படாது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சப்ரினும் சிரித்தார்.

அவருடைய வேலை கடற்கரை மாளிகையில் கொடி ஏற்றுவது. நாட்டின் கொடி என்றைக்கும் ஒன்றுதான். ஜனாதிபதியின் சொந்தக்கொடி ஆளுக்கு ஆள் மாறும். வருகிறவர் தன் ராசிக்கும் ரசனைக்கும் தோதான ஒரு நிறத்தையும் சின்னத்தையும் தெரிந்தெடுப்பார். அவர் மாளிகைக்குள் இருந்தால் கொடி மேலே, வெளியே கிளம்பினால் கீழே. கடற்கரையில் பட்டம் விடுகிறவர்களும் அவித்த கடலை விற்கிறவர்களும் அதைப் பார்த்துத்தான் பெரியவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொண்டார்கள். பதவி மாறும் நாளில் பழையதை இறக்கவும் புதியதை ஏற்றவும் மாளிகைச் சோதிடர் சுபவேளை குறித்துக் கொடுப்பார். சங்குக்கொடியை இறக்கக் குறித்த வேளை, புதியவரின் கிரகங்களுக்கு மிகவும் உகந்தது என்று சொன்னார்கள். கொழும்புக்கு அது கொட்டும் மழை. சப்ரின் நனைந்துகொண்டே இறக்கினார். மழையில் துணிக்கு நிழல் ஏது? நிழல் வெளியே போயிருந்த நேரம் பார்த்து வீட்டைப் பூட்டியதைப்போல ஆகிவிட்டது அது. திரும்பிப்போக இடமில்லாத நிழல், கயிறு பிடித்த கையைத் தேடிக்கொண்டு கொம்பனித்தெருவுக்கு வந்து சேர்ந்தது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் சப்ரினின் மனைவி மஸ்னவியா. நஷ்டமும் அவளுக்குத்தான். பின்முற்றத்தில் இரண்டு மூங்கில்களுக்கிடையே கயிற்றுக்கொடி கட்டி உப்புக்கண்டம் காயப்போடுவது அவள் தொழில். மாட்டிறைச்சியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மிளகும் மஞ்சளும் பிசறி, கொக்கிகளில் மாட்டிவிடுவாள். வாயில் ஒரு கொக்கியைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கி, வரிசையாக மாட்டிக்கொண்டே போகும்போது பின்னால் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தால் ஒழுங்கை முழுவதன் குர்பான் இறைச்சியும் அந்த முற்றத்துக்குத்தான் வரும். அவள் கை உப்புக்கண்டம் இல்லாமல் அம்பாந்தோட்டை உறவுக்காரர்கள் ஊர் திரும்பமாட்டார்கள். நிழல் விழுந்த முதல் வாரத்தில் ஒரு தொட்டி இறைச்சி பூத்து நாறியது. மஸ்னவியா அதைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"நீங்க வெயிலோட ஏத்தினீங்க, மழையோட எறக்கினீங்க. அது பாவம் எங்க போகும்? நல்ல வெயில்ல ஒருக்கா ஏத்தி, வெயில் ஈக்கக்குள்ளயே எறக்குங்க. கொடியோட சேந்து வந்துரும்."

"எங்க ஏத்துற?"

"இங்கதான், நம்மட கூரைல. மூங்கில் ஈக்கிது. சாவி ஒங்கட கைல ஈக்கிது."

"புது ஆள் ஈக்கக்குள்ள பழைய ஜனாதிபதிட கொடிய ஏத்தினா என்ன அர்த்தம் தெரியுமா ஒனக்கு?"

"எறச்சி காயணும்டு அர்த்தம்."

சப்ரின் பயந்த மனிதர் இல்லை. மாளிகைக் கோபுரத்தில் இடி விழுந்த நாளில் கயிற்றை விடாமல் நின்றவர். ஆனால் அந்தச் சீருடையும், பித்தளைப் பொத்தான்களும், இத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிற ஒரு துணி தன் கையால் ஏறி இறங்குவதும் அவருக்கு உயிராக இருந்தன. கொஞ்சம் பொறு, அடுத்த மாற்றம் வரும்போது வெயில் பார்த்து இறக்குவதற்கு ஏற்பாடு செய்கிறேன், பிறகு இந்த நிழலும் தானாகக் கலைந்துவிடும் என்றார். மஸ்னவியா பொறுத்தாள். இறைச்சித் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மிசிலின் அக்காவின் மொட்டைமாடிக்கு ஏறி இறங்கத் தொடங்கினாள். பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் விளக்குக் கொளுத்தினாள். அவர்களுடைய கோழிகள் மத்தியானமே கூட்டுக்குள் போய் அடைந்தன.

அடுத்து வந்தவர் குதிரைக்கொடி ஜனாதிபதி. அவருடைய காலத்தில் பாதுகாப்புப் பிரிவிலிருந்து நாலைந்து பேர் வந்து, போனவரின் சங்கு இன்னும் ஒரு கூரையில் தெரிவது நல்லதற்கில்லை என்று சொல்லி, கூரையையும் முற்றத்துப் பின்சுவரையும் வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். வெள்ளையில் சங்கு முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. திரும்பி வந்து பார்த்தவர்கள், நிழலுக்குச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் துணியே மேலே ஏறினால் அது வேறு விஷயம் என்று சப்ரினை எச்சரித்தார்கள். குதிரைக்காரர் ரகசியமாக வைத்தியம் செய்துகொள்ள வெளிநாட்டுக்குப் போன இடத்தில் காலமானார். அவர் போனது வெளியே தெரியாமலிருக்கக் கொடியை இறக்காமலே விட்டிருந்தார்கள். செய்தி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொடியை நாளைக்கு வெயில் வந்ததும் இறக்கலாமா என்று சப்ரின் மாளிகை மேலாளர் விஜேகோன் மஹத்தயாவிடம் கேட்டார். விஜேகோன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார்.

"பெரிய சோதிடர் குறிச்ச நேரம் இது. ஒங்க பொண்டாட்டிட எறச்சிக்காக அதை மாத்தச் சொல்றீங்களா, சப்ரின்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்ததில் சப்ரினுக்குக் காது சிவந்துவிட்டது. மங்கிய வானத்தின் கீழ் குதிரைக்கொடியை இறக்கினார். மறுநாள் சங்கின்மேல் குதிரையும் வந்து விழுந்தது. அதற்கு ஓட்டம் கொஞ்சம் அதிகம். காற்றுக்காலத்தில் ஓடுகள் நழுவின. இனிமேல் இந்த வீடு சரிவராது என்று இருவரும் தெமட்டகொடையில் மஸ்னவியாவின் தங்கை வீட்டுக்குக் குடிபோனார்கள். நிழல்கள் அங்கேயும் வந்தன. சப்ரின் இருக்கும் வீடுதான் அவற்றுக்குக் கணக்கு. தங்கை மரியாதையான பெண். ஒரு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தான் தாத்தா என்று அழைக்கும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "தாத்தா, அவர் போகட்டும், நீங்க மட்டும் இங்க இருங்களேன். ஒங்களுக்கு வெயில் கெடைக்கும்தானே" என்றாள். அது உண்மைதான். சப்ரினை விட்டு விலகி நின்றால் மஸ்னவியாவுக்கு வெயிலுக்குக் குறைவில்லை. அவள் சாமான்களைக் கட்டிக்கொண்டே, "அவருக்கு யாரு விளக்குக் கொளுத்துற?" என்று கேட்டுவிட்டுக் கொம்பனித்தெருவுக்கே திரும்பிவிட்டாள். சப்ரின் கதவுக்கு வெளியே நின்று இதைக் கேட்டார். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாமவருடைய கொடியில் மீன்கொத்தி. நாட்டில் கொஞ்சம் நிம்மதி இருந்த காலம் அது. ஜனாதிபதி சிரிப்பாளி, வேலையாட்களின் பெயரெல்லாம் தெரிந்தவர். இதைவிட்டால் நல்ல சமயம் வராது என்று சப்ரினுக்கே தோன்றியது. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய இரண்டு கொடிகளையும் சாரத்துக்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மஸ்னவியா அன்று விடியற்காலையிலேயே இறைச்சிக்கடைக்குப் போனாள். தொட்டி நிறைய அரிந்து பிசறி வைத்துவிட்டு, பெருநாளுக்கு உடுக்கிற நீலச்சேலையை உடுத்திக்கொண்டு முற்றத்தில் அண்ணாந்து நின்றாள். மிசிலின் அக்கா ஆப்பச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். சப்ரின் கூரையில் ஏறி மூங்கிலில் கயிறு கட்டினார். சங்குக்கொடியை முடிச்சுப்போட்டு, பாதிக்கு இழுத்தார். நிழல் ஒருதரம் சிலிர்த்து, முற்றத்தின் ஒரு மூலையில் கைப்பிடி அளவு வெயிலுக்கு இடம் விட்டது. அந்த வெயிலில் மஸ்னவியா போய்க் காலை வைத்தாள்.

அப்போதுதான் வாவிக்கு அப்பாலிருந்து ஹெலிகொப்டர் வந்தது. அது தன்பாட்டுக்குப் போகிற ஹெலிகொப்டர். அதற்குள் இருந்தவர்கள் கீழே பார்த்தார்களோ என்னவோ. சப்ரின் கொடியை உருவி மார்போடு சுருட்டிக்கொண்டு ஓட்டின்மேல் குப்புறப் படுத்துவிட்டார். சத்தம் ஓய்ந்து வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார். முழங்கை உரிந்திருந்தது.

"இன்னொரு நாளைக்குப் பாப்போம், மஸ்னா. இன்னைக்கு நேரம் சரியில்ல."

மூலையில் வந்த வெயில் போய்விட்டிருந்தது. மஸ்னவியா அங்கிருந்து காலை எடுத்தாள். பிறகு முழங்கைக்கு மருந்து போட்டுவிட்டாள். அன்று முழுத் தொட்டி இறைச்சியையும் கறியாக்கி ஒழுங்கைக்குப் பகிர்ந்தாள். சாப்பிட்டவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். மிசிலின் அக்கா மட்டும் தட்டைக் கழுவிக் கொடுக்க வந்தபோது, "துவான், அந்த யந்திரத்துக்குக் கண்ணு இருக்கா?" என்று கேட்டாள். சப்ரின் கொடிகளை மாளிகைக்குத் திருப்பிக் கொண்டுபோக மறுபடி சாரத்துக்குள் சுற்றினார். அதன் பிறகு மஸ்னவியா நிழலைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சப்ரின் பல தடவை நினைத்திருக்கிறார். சண்டை பிடித்திருந்தால் வீம்புக்காவது மறுபடி ஏறியிருப்பார்.

மீன்கொத்திக்காரர் தேர்தலில் தோற்றார். அவருடைய கொடி இறங்கியது விடியலுக்கு முன்பு. சோதிடர் அப்படிக் குறித்திருந்தார். இந்தத் தடவை சப்ரின் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மீன்கொத்தியின் நிழல் வந்து, பகலில் முற்றத்துத் தண்ணீர்த்தொட்டிக்குள் விழுந்து விழுந்து எழும்பியது. தொட்டியில் ஒருபோதும் மீன் இருந்ததில்லை. மூன்று நிழலும் சேர்ந்து வீட்டை நன்றாகவே இருட்டாக்கிவிட்டன. சுவர் பாசி பிடித்தது. தலையணை காயவே இல்லை. ஒழுங்கைக்காரர்களுக்கு அதிலும் ஒரு வசதி: சித்திரை வெயிலில் கிழங்கள் எல்லாம் பாயை எடுத்துக்கொண்டு சப்ரின் வீட்டு வாசலுக்கு வந்து படுத்தார்கள். மிசிலின் அக்கா புளித்துப்போகாமல் இருக்கட்டும் என்று ஆப்பமாவை அங்கே கொண்டுவந்து வைத்தாள். மஸ்னவியாவுக்கு இருமல் தொடங்கியது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி ஏறி இடது தோள் தேய்ந்து, அந்தக் கை முழுதாகத் தூக்க வராமல் போயிற்று. டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, மருந்து எழுதுமுன்பே, "வெயில் படுற வீடா ஒண்டு பாருங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில் சப்ரின், "பென்சன் வரட்டும். சீருடைய களட்டின அடுத்த நாளே ஏத்துறேன்" என்றார்.

"ஓ" என்றாள் மஸ்னவியா. அதில் கோபம் இல்லை. நாளைக்கு மழை வரும் என்று யாராவது சொன்னால் சொல்வதைப் போன்ற ஓ.

நாலாமவர் தன் தகப்பனாரின் கைத்தடியைக் கொடியில் வைத்தவர். விலைவாசி ஏறி, எரிவாயு இல்லாமல், மாளிகை வாசலில் சனம் திரண்ட ஒரு பிற்பகலில் அவர் பின்கதவால் போனார். ஐப்பசி மாதம், வானம் தார் பூசியதைப்போல இருந்தது. விஜேகோன் மஹத்தயா ஓடிவந்து, "சோதிடரைக் காணல்ல, நீங்களே ஒரு நேரம் பாத்து எறக்குங்க" என்றார். முதன்முதலாக நேரம் சப்ரின் கையில் இருந்தது. வெயில் வரும்வரைக்கும் நிற்கலாம். அவரை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் சனம் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது, கல் வந்து விழுந்தது, வெயில் வரும் என்பதற்கும் ஒரு அறிகுறி இல்லை. சப்ரின் இறக்கினார். அதுதான் அவர் இறக்கிய கடைசிக் கொடி.

வீட்டுக்கு வந்தபோது மஸ்னவியாவுக்குக் காய்ச்சல். நாலாவது நிழலை அவள் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க வெயிலே இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்பு அவள் மூச்சு நின்றது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜனாஸாவை எடுக்கும்போது பேய்மழை. சந்தூக்குப் பெட்டியின்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, ஒழுங்கை ஆண்கள் முழங்கால் தண்ணீரில் மையவாடிக்குத் தூக்கிப் போனார்கள். மிசிலின் அக்கா ஆப்பக்கடையை மூடிவிட்டு வாசலில் குடையில்லாமல் நின்றாள். மழை விட்டதும் நாலு நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. சப்ரின் அதை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

ஐந்தாவதாக வந்தவர் தனக்குக் கொடி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாட்டுக்கு ஒரு கொடி இருக்கிறது, அது காணும் என்றார். பத்திரிகைகள் பாராட்டின. பழைய கொடிகளை என்ன செய்வது என்று கேட்டதற்கு, வாகனச்சாலையில் கொடுக்கச் சொன்னாராம். சப்ரின் ஓய்வூதியக் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போன நாளில் விஜேகோன் மஹத்தயா கற்பூரமரப் பெட்டியைக் காலால் தள்ளிக் காட்டினார்.

"நல்ல துணி சப்ரின். எடுத்துட்டுப் போங்க. கார் தொடைக்க ஆகும்."

"யாரும் ஏதும் சொல்லமாட்டாங்களா, மஹத்தயா?"

"பழந்துணிக்கு யாரு என்ன சொல்ற?"

சப்ரின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு காலிமுகத்திடல் நீளத்துக்கும் நடந்தே வந்தார். ஒருவரும் அவரை நிறுத்தவில்லை. பொலிஸ்காரன் ஒருவன் வீதியைக் கடக்க வழிகூட விட்டான். வாவிக்கரைக்கு வந்ததும் பெட்டியை இறக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். 

தை பிறந்து வானம் துலங்கியதும் கூரையில் ஏறினார். ஒழுங்கை முழுவதும் கீழே நின்றது. முதலில் சங்குக்கொடி மூங்கிலில் ஏறியது. உச்சிக்குப் போய் விரிந்ததும், கூரையில் ஊறிக் கிடந்த அதன் நிழல் ஈரத்துணியைச் சுவரிலிருந்து உரித்ததைப்போலக் கிளம்பி, முற்றத்தைத் தாண்டி, மேலே இருந்த துணியோடு போய்ச் சேர்ந்தது. சப்ரின் வெயிலிலேயே நிதானமாக இறக்கினார். மடித்தபோது கொஞ்சம் கனத்தது. குதிரை இறங்க மறுத்துச் சற்று இழுத்தது, பிறகு வந்தது. மீன்கொத்தி தண்ணீர்த்தொட்டியில் கடைசியாக ஒருதரம் விழுந்துவிட்டு வந்தது. கைத்தடிக் கொடியின் நிழல் புதியது, லேசானது, இலகுவாகக் கழன்றது. எல்லாம் சேர்த்து ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம். இத்தனை வருடமாக அவர் தள்ளிப்போட்ட வேலை அவ்வளவுதான்.

வெயில் வீட்டுக்குள் நுழைந்து சுவரில் பச்சை வர்ணத்தைக் காட்டியது. அது பச்சை என்பது சப்ரினுக்கு மறந்தே போயிருந்தது. கிழங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு, இனி எங்கே படுப்பது என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். மிசிலின் அக்கா மட்டும் முற்றத்தில் நின்றாள்.

"துவான், இன்னும் ஒன்னு மிச்சம் இருக்கு."

பின்சுவரின் வெள்ளையில், இறைச்சிக்கொடிக்குக் கீழே ஒரு நிழல் தனியாக நின்றது. அதற்கு மேலே மூங்கிலும் இல்லை, துணியும் இல்லை. சப்ரின் மடித்த கொடிகளை மறுபடி விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது எந்தக் கொடிட?"

"கொடி இல்ல துவான். தூக்கிட்டுப் போன அன்னைக்கு மழை பெஞ்சுதே."

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முக்காடு தோளில் சரிந்திருந்தது. இரண்டு கைகளும் மேலே தூக்கியிருந்தன. இடது கை மட்டும் முழுதாக நிமிராமல் முழங்கையில் மடிந்திருந்தது. உதட்டோரத்தில் கொக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நாலு ஜனாதிபதிகளின் இருட்டுக்கு அடியில் நின்றதால் அத்தனை நாளும் கண்ணில் படவில்லை.

"வெயில் வந்திருச்சு, மஸ்னா" என்றார் சப்ரின்.

நிழல் திரும்பவில்லை. மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் திரும்பும் வழக்கமில்லை. ஏற்றி இறக்கிக் கூட்டிக்கொண்டு போக இவளுக்கென்று ஒரு துணியும் பெட்டியில் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் சப்ரின் ஏற்றியிருக்கமாட்டார். மத்தியானம் இறைச்சிக்கடைக்குப் போய் வந்தார். அரிந்தது கோணல், உப்பும் கூடிவிட்டது. ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டினார். சுவரில் அந்தக் கைகள் அவருக்கு ஒரு சாண் முன்னால் நகர்ந்துகொண்டே போயின.

இப்போது ஒழுங்கைக்காரர்கள் உப்புக்கண்டம் வாங்க அந்த முற்றத்துக்குத்தான் வருகிறார்கள். மஸ்னவியாவின் கைப்பக்குவம் இல்லை என்று சொல்லிக்கொண்டே வாங்குகிறார்கள். சுவரோரம் வரும்போது, வேலையாக இருக்கிற பெண்ணுக்கு வழிவிடுவதைப்போலக் கொஞ்சம் ஒதுங்கி நடக்கிறார்கள். மீன்கொத்திக் கொடியைச் சப்ரின் காகம் விரட்டக் கட்டியிருக்கிறார். மேகம் கூடினால் எல்லா வேலையையும் விட்டுவிட்டு ஓடிவந்து முதலில் அதை அவிழ்த்து எடுத்துவிடுகிறார். மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னால் வெயில் சுவரைவிட்டு ஏறும்போது, அந்த நிழல் கையை இறக்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குள் போகும். சப்ரின் பின்கதவைச் சாத்துவதில்லை. அவள் உள்ளே வருமுன்பே விளக்கைக் கொளுத்தி வைத்துவிடுகிறார்.